ஏழு மணிச் சொட்டு

மண்டியில் வேலை செய்தவர்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. அங்கே கூட வேலை பார்த்த உயரமான ஒருவர் நடந்து வரும்போது பீடிக்கட்டையோ தீப்பெட்டியையோ அவர் காலடியில் தவற விடுவார்கள். "அண்ணே, அத கொஞ்சம் எடுத்துக் குடேன்" என்பார்கள். அவர் கோபப்பட மாட்டார். நின்ற இடத்திலேயே முழங்காலை மடக்கி, முதுகும் கழுத்தும் ஒரே கோட்டில் இருக்க, கிணற்றில் வாளி இறங்குவதுபோல நேராகக் கீழே இறங்குவார். பார்வை எதிர்ச் சுவரில் இருக்கும். வலது கை மட்டும் தரையில் துழாவும். பொருள் கையில் பட்டதும் அதேபோல நேராக மேலே வருவார்.

"இந்தா. இன்னொருக்கா போட்டீன்னா பீடி என்னுது."

எல்லோரும் சிரிப்பார்கள். எதிரே மருந்துக் கடையில் நின்றபடி நான் மட்டும் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் கள்ளக்குறிச்சியில் ஒரு கமிஷன் மண்டியில் மூட்டை தூக்கியவர். நல்ல உயரம். பிடரியில் மூட்டையை வாங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு, பலகை ஏறி லாரிக்குள் போய் இறக்குவார். அந்த நாளில் அவருடைய கழுத்து முன்னால் வளைந்துதான் இருந்தது. நிமிர்ந்தது எல்லாம் பிற்பாடு, வலது கண் போன பிறகு. அந்தக் கண் போனதில் எனக்குப் பங்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மேற்கொண்டு எழுத எனக்குக் கை ஓடும்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். மருந்துக் கடையில் வேலைக்கு நின்று, கல்யாணமாகி, ஒரு குழந்தையும் பிறந்த பிறகும் அதே கடையில்தான் இருந்தேன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். புட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது தெரியும்; சின்ன எழுத்தில் இருப்பதைப் படிக்க நேரமும் இருக்காது, தைரியமும் இருக்காது. கடையைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ஆனால் எந்த இடத்தில் பயந்திருக்க வேண்டுமோ அந்த இடத்தில் பயப்படாமல் இருந்துவிட்டேன்.

நெல் வந்து இறங்குகிற நாட்களில் மண்டிக்குள் சுனை, நெல்லின் முள் தூசி, பறக்கும். தூக்குகிறவர்களுக்கெல்லாம் கண் சிவந்து அரிக்கும். "கண்ணுக்கு இன்னாச்சும் குடு தம்பி" என்று வருவார்கள். கடைக்காரர் ஒருமுறை எடுத்துக் கொடுத்த சொட்டு மருந்தையே அதற்கப்புறம் நான் எடுத்துக் கொடுத்தேன். போட்டால் அரைமணியில் சிவப்பு போய்விடும், குளுகுளுவென்று இருக்கும். தராசுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்கும். அதற்குள் புட்டி. மதியம் டீ வந்ததும் ஆளுக்கு இரண்டு சொட்டுப் போட்டுக்கொண்டு, ஐந்தாறு பேர் வரிசையாகக் கூரையைப் பார்த்து நிற்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ கும்பிடுகிறார்கள் என்றுதான் தோன்றும். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், வீட்டுக்கும் தனியாக ஒரு புட்டி வாங்கிப் போவார். இரண்டு வருடம்.

ஒருநாள் இடது கண்ணில் சுனை விழுந்து, அதைப் பொத்திக் கசக்கிக்கொண்டே, "எவன்டா கதவ சாத்தினது?" என்று கத்தினாராம். அப்போது நண்பகல். மண்டியின் பெரிய கதவு இரண்டும் திறந்துதான் கிடந்தன.

சங்கராபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டிருந்தார்கள். அங்கே போனார். வலது கண் நரம்பு செத்துவிட்டது, திரும்பாது. இடது கண்ணிலும் அழுத்தம் ஏறியிருக்கிறது, காலையும் மாலையும் நேரம் தப்பாமல் வேறொரு சொட்டு போட்டால் அதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். போகும்போது பழைய புட்டியையும் இடுப்பில் செருகிக்கொண்டு போயிருந்தார். அதைக் காட்டினாரா, டாக்டர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததுதான் என்னைத் தின்றது.

மறுநாள் ஆணியில் தொங்கிய பை காலியாகக் கிடந்தது. அவரே எடுத்துச் சாக்கடையில் கொட்டிவிட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "அது வேணாம்பா. தண்ணில மூஞ்ச கழுவிக்கினு போங்க" என்றார். அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து மருந்துக் கம்பெனி ஆள் ஒருவர் கடைக்கு வந்தபோது, தற்செயலாகக் கேட்பதுபோல அந்தப் புட்டியைக் காட்டிக் கேட்டேன். "இது ஸ்டீராய்டு. டாக்டர் எழுதாம குடுக்காத. செல பேருக்குக் கண்ணுல பிரஷர் ஏத்தி விட்டுடும். வலிக்காது, தெரியாது, பார்வை மட்டும் போயிக்கினே இருக்கும்" என்றார். அலமாரியில் மீதி இருந்ததைக் கடைக்காரரிடம் சொல்லித் திருப்பி அனுப்பினேன். நான் அதுவரை கொடுத்ததை யாரிடம் திருப்பி வாங்குவது?

அவர் சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். வந்தார். புதுப் புட்டியோடு வந்தார்.

"இந்தா தம்பி, இத நீயே வுட்டுடு. எனக்குக் கை நடுங்குது. காலைல ஏழு, சாய்ந்தரம் ஏழு. டாக்டர் சொல்லிக்கிறாரு."

அன்றைக்கு ஆரம்பித்தது. எட்டு மணிக்குத் திறக்கிற கடையை நான் ஆறே முக்காலுக்கே திறந்தேன். அவர் ஸ்டூலில் உட்காருவார். கீழிமையை இழுத்து ஒரு சொட்டு. பிறகு மூக்கோரம் விரலால் அழுத்திக்கொண்டு இரண்டு நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடமும் அவருடைய மூடிய முகத்துக்கு முன்னால் நான் நிற்பேன். அவர் வாய் அசையும். இப்போது கேட்கப் போகிறார் என்று நினைப்பேன். "இன்னிக்கி மழ வரும் போலக்குது" என்பார்.

அவருடைய கட்டுப்பாடுகளில் டாக்டர் சொன்னது பாதி, அவராகச் சேர்த்துக்கொண்டது பாதி. பாரம் தூக்கக் கூடாது, தலையைக் கவிழ்க்கக் கூடாது, ஒரே மூச்சில் சொம்புத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்பதெல்லாம் டாக்டர் சொன்னது. வெயிலில் வந்தாலும் டம்ளரை வைத்துக்கொண்டு வாய் வாயாகக் குடிப்பார். அதற்குள் மற்றவர்கள் டீயே குடித்து முடித்திருப்பார்கள். குப்புறப் படுக்கிற பழக்கத்தை விட வேண்டும் என்று இரண்டு பக்கமும் தவிட்டு மூட்டையை அணைகொடுத்து, தலைக்கு இரண்டு தலையணை வைத்து மல்லாந்து தூங்கினார். சட்டையின் மேல் பொத்தானைப் போடுவதில்லை, தலைப்பாகையை இறுக்குவதில்லை, அடுப்பு ஊதுவதில்லை. பேத்தி பலூனை ஊதித் தரச் சொன்னபோது அதைக் கடைக்கு எடுத்து வந்து என்னிடம் கொடுத்து ஊத வைத்தார்.

"கண்ணுக்குள்ள தண்ணி ஓடிக்கினே இருக்குதாம்பா. வெளிய போற வழி அடச்சிக்கினா உள்ள அழுத்தம் ஏறிடுதாம். லாரி டயருல காத்து ஜாஸ்தி ஆனா இன்னா ஆவும்? அதான்" என்று மண்டி ஆட்களுக்கு விளக்குவார்.

"அப்ப உனுக்குக் கண்ணுல பஞ்சர் போடணும்ண்ணே" என்பான் ஒருவன்.

"உனுக்கு வாயில போடணும்டா."

மண்டியில் எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி அவருடைய சம்பந்தி வீட்டுக்கு மட்டும் தெரியாது. சின்ன மகளுக்குக் களமருதூரில் மாப்பிள்ளை பார்த்திருந்தார். கண் நோய் என்று காதில் விழுந்தால் வம்சத்திலேயே இருக்கிறது என்று பெண்ணை வேண்டாமென்பார்கள் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்தன்று சம்பந்திகள் மாலை மாற்றிக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா குள்ளம். மாலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். இவர் குனிய வேண்டும். குனியவில்லை. அவர் கால் விரலில் எக்கினார். மாலை இவர் காதுவரை வந்து திரும்பியது. பந்தலில் சிரிப்பு கிளம்பிவிட்டது.

"கொஞ்சம் தலய தாத்துங்க சம்பந்தி" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

இவர் என்ன செய்தார் தெரியுமா? மண்டியில் பீடிக்கட்டு எடுக்கிற அதே மாதிரி, கழுத்தை அசைக்காமல் முழங்காலை மடக்கி மெதுவாகக் கீழே இறங்கி, இருவர் உயரமும் சரியாக வந்த இடத்தில் நின்றார். மாலை விழுந்தது. மறுபடி அப்படியே மேலே வந்தார். மேளக்காரர்கள் வாசிக்க முடியாமல் சிரித்தார்கள். சம்பந்திக்கு முகம் கறுத்துவிட்டது.

"என் ஒசரத்த நக்கல் பண்றாரா உங்கப்பா?" என்று பெண்ணிடமே கேட்டாராம். ஒரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை.

"கண்ணுன்னு சொல்லித் தொலச்சா இன்னா?" என்று அவர் மனைவி கடையில் என் எதிரிலேயே திட்டினாள். "ஊரெல்லாம் திமிரு புடிச்சவன்னு பேசுது. எப்பிடி வந்துச்சு, யாரால வந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்றியா நீ?"

யாரால என்ற சொல்லில் என் கையிலிருந்த மாத்திரை அட்டை கீழே விழுந்தது. அவர் இறங்கி அதை எடுத்துக் கொடுத்தார். "வந்துச்சு. வந்தா வந்துட்டுப் போவுது" என்றார்.

இடஒதுக்கீடு கேட்டுப் பெரிய மறியல் நடந்தது அதற்கடுத்த வருடம். ரோட்டோரத்துப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்து, ஒரு வாரம் பஸ், லாரி எதுவும் ஓடவில்லை. மரம் சாய்வதற்கு முதல் நாள்தான் அவர் மண்டி லாரியில் கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலைப் பக்கம், கடுக்காய் மூட்டை ஏற்றி வரப் போயிருந்தார். கண் போனதிலிருந்து தூக்குவதில்லை, கூட நின்று மூட்டைக் கணக்குப் பார்க்கிற வேலைதான். மறுநாளே திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

போகிற அன்று சாயங்காலம் சொட்டு விட்டது நான்தான். புட்டியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மூன்று நாளைக்கு வரும். புதுப் புட்டி விழுப்புரத்திலிருந்து வந்து கடையிலேயே இருந்தது. "இதையும் எடுத்துக்குங்கண்ணே" என்றேன். "நாளைக்கி வந்துடப் போறேன், அங்க எதுக்கு, தொலஞ்சிடும்" என்றார். நான் வற்புறுத்தவில்லை.

முதல் நாள் பொறுத்தேன். இரண்டாம் நாளும் பொறுத்தேன். மூன்றாம் நாள் சோறு இறங்கவில்லை. காலை ஏழு மணிக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு வெறுமனே நின்றேன். துப்பாக்கிச் சூடு நடந்தது, போலீஸ் ஊருக்குள் புகுந்து அடிக்கிறது என்று ஆளுக்கொரு சேதி. என் மனைவி வாசலை மறித்தாள். "ஊரே கதவ சாத்திக்கினு கெடக்குது. நீ எங்கியா போற?" எனக்குப் போலீஸும் பயம், கலவரமும் பயம். அவர் கண் அணைந்துகொண்டிருக்கும் என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நான்காம் நாள் விடிந்ததும் புட்டியை ஈரத்துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

ஒவ்வொரு மரத்துக்கும் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக் கிளைகளுக்கு நடுவே தாண்ட வேண்டியிருந்தது. கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள் கை சிராய்ந்து சட்டை கிழிந்தது. கோமுகி அணை தெரிகிற இடத்தில் தூரத்திலேயே அவரைப் பார்த்துவிட்டேன். மலை ஆட்கள் நான்கு பேர் சந்தைச் சாமான் வாங்கக் கூடையோடு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு கழுத்து மட்டும் கம்பம்போல நட்டுக்கொண்டு வந்தது.

"ஏம்பா, கடைய வுட்டுட்டு இங்க இன்னா பண்ற?"

"மருந்து எப்பண்ணே தீந்துது?"

"நேத்து சாய்ந்தரம். ராவே எறங்கலாம்னு பாத்தேன், இவங்க வுடல. நடந்தா கண்ணுக்கு நல்லதாம், டாக்டர் சொன்னாரு. அதான் நல்லது பண்ணிக்கினே வர்றேன்."

நான் புட்டியைப் பிரிப்பதற்குள் ஒரு போலீஸ் வேன் வந்து நின்றது. வெளியூர் போலீஸ். மரம் வெட்டிய ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கிழிந்த சட்டையும் சிராய்ந்த கையுமாக நான் நிற்க, எங்களைக் கேள்வியே கேட்கவில்லை.

"எல்லாரும் உக்காருங்கடா. கைய பின்னந்தலைல கட்டு. தலய முட்டிக்குள்ள வை."

சொல்லி முடிப்பதற்குள் நான் தலையை முட்டிக்குள் வைத்துவிட்டேன். மலை ஆட்களும் வைத்துவிட்டார்கள். அவர் நேராக இறங்கிக் குந்தினார். தலை நிமிர்ந்தே இருந்தது.

"டேய் நெட்ட, ஒனக்குத் தனியா சொல்லணுமா? குனிடா."

"குந்திக்கினேன் சார். கையும் கட்டிக்கினேன். தலய மட்டும் கேக்காதீங்க."

தோளில் ஓர் அடி விழுந்தது. சத்தம் எனக்குக் கேட்டது. "தலைவரோ? குனிய மாட்டாரோ?" இன்னொரு அடி. பிறகு இளவயசுப் போலீஸ்காரர் ஒருவர் வந்து அவருடைய பிடரியில் கையை வைத்துக் கீழே அமுக்கத் தொடங்கினார். மூட்டை தாங்கிய பிடரி, அசையவில்லை. ஆனால் முகம் சிவந்து நெற்றி நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. மூச்சை அடக்கவும் கூடாது.

நான் எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"ஐயா, வுட்டுடுங்கய்யா! அவருக்குக் கண்ணு போயிடும்ங்க. கண்ணுக்குள்ள பிரஷருங்க. குனியக் கூடாதுங்க."

"நீ யார்ரா, டாக்டரா?"

"மருந்துக் கடைல வேல பாக்குறேன்ங்க. ஒரு கண்ணு ஏற்கெனவே போயிடுச்சுங்க. அது என்னாலதாங்க. நான் குடுத்த சொட்டு மருந்தாலதாங்க. இன்னொன்னாச்சும் இருக்கட்டும்ங்க." புட்டியை நீட்டினேன். சுற்றியிருந்த துணியை உருவிப் போட்டேன்.

வேனிலிருந்து வயதான ஏட்டு ஒருவர் இறங்கி வந்தார். புட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குந்தியிருந்தவரின் இடது கண்ணைப் பொத்தி, வலது கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டினார். கண் இமைக்கவில்லை.

"இத எத்தினி மணிக்கு வுடணும்?"

"ஏழு மணிக்குங்க."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணே கால் ஆவுது. பாத்துக்கினு நிக்கிற? வுடுய்யா."

ரோட்டில் குந்தியிருந்தவருக்கு, போலீஸ்காரர்கள் சுற்றி நிற்க, நான் கீழிமையை இழுத்துச் சொட்டு விட்டேன். அவர் மூக்கோரம் விரலை வைத்துக் கண்ணை மூடினார். ஏட்டு இரண்டு நிமிடமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்களை விட்டார்கள், ஆனால் குறுக்கே கிடந்த ஒரு மரத்தை ஒதுக்கிவிட்டுப் போகச் சொன்னார்கள். மலை ஆட்களும் நானும் இரண்டு போலீஸ்காரர்களும் கை கொடுத்தோம். அவர் ஓரமாக நிமிர்ந்து நின்று மண்டிக் குரலில் அதட்டினார்: "மூச்ச அடக்காத! வுட்டுக்கினே தூக்கு! ஏய் தம்பி போலீசு, ஒன்னியும்தான்!" அவர் பிடரியை அமுக்கிய பையன் "சரிண்ணே" என்று மூச்சை விட்டுக்கொண்டு தூக்கினான்.

திரும்பும்போது நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன். பக்கத்தில் போகத் தைரியம் வரவில்லை. ஒரு மைல் போயிருப்போம். அவரே நின்றார்.

"இன்னாத்துக்கு அவனுங்ககிட்ட போயி அதெல்லாம் சொன்ன?"

"அண்ணே, அந்தப் பழைய மருந்து..."

"தெரியும்பா. முகாம்லயே டாக்டரு சொன்னாரு. எவன் குடுத்தான்னு கேட்டாரு. கடைல வாங்கினேன்னு சொன்னேன்."

"தெரிஞ்சுமாண்ணே தினமும் எங்கிட்டயே வந்தீங்க?"

"வேற எவங்கிட்ட போவ? எம் பொண்டாட்டி மறந்துடுவா. நானும் மறந்துடுவேன். அன்னிக்கி புதுப் புட்டியோட வந்தப்ப உம் மூஞ்சப் பாத்தேன். பேயறஞ்சா மாதிரி இருந்துச்சு. சரி, இவன் ஒரு நாளும் நேரம் தப்ப மாட்டான்னு வச்சிக்கினேன்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னார்: "பயந்தவன் கைல குடுத்தது வீணாவல பாத்தியா."

அது மன்னிப்பா, எனக்குக் கொடுத்த தண்டனையா என்று அன்றும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் காலை ஏழு, மாலை ஏழு. எனக்குக் காய்ச்சல் என்றால் அவர் என் வீட்டுக்கு வந்துவிடுவார். வெளியூர்க் கல்யாணம் எதற்கும் நான் போனதில்லை. அந்த இடது கண் கடைசிவரை பார்த்தது. பேத்தி வயசுக்கு வந்தபோது அவளுக்கு வந்த சீர்த் தட்டுகளைத் தூரத்திலிருந்தே இன்னின்னது என்று சொன்னார்.

ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார். தலை அப்போதும் சுவரில் நேராகச் சாய்ந்திருந்தது என்றார்கள்.

மறுநாள் தூக்கிக்கொண்டு போனோம். ஏரிக்கரையிலிருந்து சுடுகாட்டுக்குச் சரிவாக இறங்க வேண்டும். தலைமாட்டைப் பிடித்து முன்னால் போனவர்கள் இறங்கியதும் தலைப்பக்கம் தாழ்ந்துவிட்டது. அவர் தலை பின்னுக்குச் சரிந்து தொங்குவதைப் பார்த்தேன்.

"தலைய தூக்குங்கப்பா! தலைய தூக்குங்க!" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாருக்கும் விளங்கவில்லை. பழைய மண்டி ஆள் ஒருவர் மட்டும் தோளில் கிடந்த சாக்கை எடுத்து, நான்காக மடித்து, அவர் தலைக்கு அடியில் கொடுத்தார்.